பதினான்கு தூக்குவாளிகள்

ஜூன் 3, 2024

இன்று வேலையில் சேர்ந்தேன். வேலைக்குப் பெயர் வழிகாட்டி. முப்பத்தோரு வருடம் பால்வாடிப் பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்திவிட்டவளுக்கு இது ஒன்றும் பெரிய வேலையில்லை. வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றிக் காட்ட வேண்டும், எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்க வேண்டும், கண்ணாடியில் கை வைக்கிறவனை அதட்ட வேண்டும். மூன்றாவது எனக்கு நன்றாகவே வரும்.

வீடு என்றால் போடியில் ஏலக்காய் வியாபாரத்தில் கொடிகட்டிப் பறந்த வீடு. முன்கட்டில் குடும்பம் இருந்தது. பின்கட்டில் பெரிய கூடம், அங்கேதான் பெண்கள் உட்கார்ந்து காயைத் தரம் பிரிப்பார்கள். வியாபாரம் நொடித்து இருபது வருடம் பூட்டிக் கிடந்ததை இப்போது வீட்டைக் கட்டியவரின் கொள்ளுப்பேரன் ஹரிசங்கர் பெங்களூரிலிருந்து வந்து அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார். நாற்பது வயதுகூட இருக்காது. முதலாளி என்று கூப்பிட்டேன். "அய்யோ, அதெல்லாம் வேணாம்க்கா, ஹரின்னே கூப்பிடுங்க" என்றார். வாய் வரவில்லை. தம்பி என்று வைத்துக்கொண்டேன்.

இந்த வீட்டுக்கு முன்னே வந்திருக்கிறீர்களா என்று கேட்டார். சின்ன வயதில் ஒன்றிரண்டு தரம் என்றேன்.

ஜூன் 5

புறா எச்சம் சுரண்டியே இடுப்பு விட்டுப்போனது. சாயங்காலம் வந்து வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன்.

பரணில் ஒரு சாக்கு மூட்டை கிடைத்ததாம். உள்ளே பதினான்கு பித்தளைத் தூக்குவாளிகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெண் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கிறது. ஹரித் தம்பிக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "எங்க வீட்டுப் பொம்பளைங்க பேரெல்லாம் கெடைச்சிருச்சுக்கா. இவங்க பேரை யாருமே எழுதி வைக்கலை" என்றார். கண்ணாடிப் பெட்டி தயாராக இருக்கிறது, மேலே பலகையும் வந்துவிட்டது: 'இவ்வீட்டின் பெண்கள்'.

புளி போட்டு விளக்கித் தரச் சொன்னார். பதின்மூன்றை முற்பகலிலேயே முடித்துவிட்டேன். ஒன்று மட்டும் சாயங்காலம் வரை இழுத்தது. புளி போதவில்லை.

ஜூன் 9

திறப்பு விழா. ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லாம் வந்தார்கள். வந்தவர்களுக்கு ஏலக்காய் டீ. நான் குடிக்கவில்லை, எனக்கு ஏலக்காய் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது.

எழுதிக் கொடுத்ததைக் கணீரென்று சொன்னேன். "இவ்வீட்டில் வேலை செய்தவர்களைத் தாங்கள் பெற்ற பிள்ளைகளாகவே நடத்தினார்கள்" என்று ஒரு வரி இருக்கிறது. அந்த இடத்தில் நிறுத்தி ஒரு வாய் தண்ணீர் குடித்தேன். காலையிலிருந்து குடிக்கவே இல்லை. கைதட்டினார்கள். ஹரித் தம்பி, "கலக்கிட்டீங்கக்கா" என்றார்.

ஜூன் 12

எழுதித் தொலைத்துவிடுகிறேன். இந்த நோட்டை நான் செத்த பிறகு மகள் படித்தாலும் படிக்கட்டும்.

அந்தத் தூக்குவாளிகள் இந்த வீட்டுப் பெண்களுடையவை அல்ல. எந்த முதலாளி வீட்டம்மா தன் வீட்டுக்குள்ளேயே தூக்குவாளியில் சோறு கொண்டுபோவாள்? அத்தனையும் காய் பிரித்த கூலிப் பெண்களுடையவை. கல்யாணச் சீராக வந்த வாளி, அதனால்தான் பெயர் வெட்டியிருக்கிறது. சாயங்காலம் வேலை விட்டதும் வாசலில் வரிசையாக நிற்க வேண்டும். கொண்டையை அவிழ்த்து உதற வேண்டும், கொசுவத்தை உதற வேண்டும், வாளியைத் திறந்து கவிழ்த்துக் காட்ட வேண்டும். காய் விழுந்தால் கணக்கப்பிள்ளை வாளியைப் பிடுங்கிக்கொள்வான். முன்வாசல் சுவரில் ஆணி அடித்து, பெயர் தெருவைப் பார்க்கும்படி ஒரு மாதம் தொங்கவிடுவார்கள். போலீஸ் வேண்டியதில்லை. அந்தப் பெயரைப் பார்த்த பிறகு ஊரில் வேறு எந்த ஏலக்காய்க் கிட்டங்கியிலும் அவளுக்கு வேலை கிடையாது.

வரிசையில் ஏழாவதாக இருப்பது வெள்ளைத்தாய். என் அம்மா.

எழுபத்தொன்றாம் வருடம் ஐப்பசி. அம்மாவின் வாளியைக் கவிழ்த்தபோது பதினொரு காய் விழுந்தது. யாரோ போட்டிருக்கிறார்கள். நாற்பது பேர் உட்காரும் கூடத்தில் யார் எதை எங்கே போட்டார்கள் என்று யாருக்குத் தெரியும்? அப்பா அதற்கு முன்பே இல்லை. அம்மா என்னை மாமா வீட்டில் விட்டுவிட்டு மலைக்கு, தோட்ட வேலைக்குப் போனாள். இரண்டு மழைக்காலம் தாங்கினாள். மூன்றாவதில் காய்ச்சல் கண்டு, போர்வையில் தூளி கட்டித் தூக்கி வந்தார்கள். மலை மெட்டு இறங்குவதற்குள் போய்விட்டாள். எனக்கு ஒன்பது வயது.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அம்மா பெயர் திருடி பெயராக இருக்கக் கூடாது. இப்போது அது முதலாளி வீட்டம்மாக்கள் வரிசையில் கண்ணாடிக்குள் பளபளவென்று இருக்கிறது. அப்படியே இருந்துவிட்டுப் போகட்டுமே! வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் நான் அவளுக்குச் செய்கிற மரியாதை.

ஜூன் 13

மழை. மொத்தமே மூன்று பேர். கழிவறைக் குழாய் ஒழுகுகிறது, சொன்னால் யாரும் கேட்பதில்லை.

ஜூன் 18

இன்று நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது.

மத்தியானம் ஒரு வயதான அம்மா வந்தாள். கையில் கம்பு, தொங்கிப்போன காது. வாசலிலேயே செருப்பைக் கழற்றினாள். கழற்ற வேண்டாம் என்றேன். "பழக்கம்த்தா" என்றாள். பார்த்த மாத்திரத்தில் யாரென்று தெரிந்துவிட்டது. ஒச்சம்மா. கூடத்தில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காய் பிரித்தவள். நான் சின்னாத்தா என்று கூப்பிட்டவள். தெரியாதவள் போல நின்றேன்.

கண்ணாடிப் பெட்டி முன்னால் வந்ததும் கம்பைச் சாய்த்து வைத்துவிட்டுக் குனிந்தாள்.

"இந்தா, இது என் வாளியில்ல! காதுல கம்பி கட்டியிருக்கு பாரு, எங்கண்ணன் கட்டுனது."

பக்கத்தில் மதுரைக்காரர்கள் நான்கு பேர் செல்போனைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். ஹரித் தம்பி அவர்களுக்கு எதையோ விளக்கிக்கொண்டிருந்தார்.

"இல்ல பாட்டி, இது இந்த வீட்டு அம்மாக்க வச்சிருந்தது" என்றேன்.

"எனக்கு எழுத்து தெரியாது. ஒச்சம்மான்னு வெட்டியிருக்கா இல்லையா, நீயே படிச்சுச் சொல்லு."

வெட்டியிருந்தது. என் கையால் விளக்கிய எழுத்து, பளிச்சென்று இருந்தது; அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எழுத்து அழிஞ்சுபோச்சு பாட்டி."

அவள் வாளியை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "நீ வெள்ளத்தாயி மக பவளந்தான? ஆத்தா மூக்கு அப்படியே இருக்கு" என்றாள். நான் மதுரைக்காரர்கள் பக்கம் திரும்பிக்கொண்டேன். "நல்லா இருத்தா" என்று சொல்லிவிட்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

முப்பத்தோரு வருடம் அ ஆ சொல்லிக் கொடுத்த வாய். எழுத்து தெரியாத ஒருத்தியிடம் எழுத்து அழிந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறது. இந்த வாயில் புழுதான் விழ வேண்டும்.

ஜூன் 19

சோறு இறங்கவில்லை. மோர் குடித்தேன்.

ஜூன் 21

ஹரித் தம்பியிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் இல்லை. வாளிகள் யாருடையவை, ஏன் பிடுங்கினார்கள், எங்கே தொங்கவிட்டார்கள், அதில் ஒன்று என் அம்மாவுடையது, இவ்வளவும் சொன்னேன்.

மனிதருக்கு முகம் மாறிவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். "எனக்கு இது எதுவுமே தெரியாதுக்கா. அப்பா ஒரு வார்த்தை சொன்னதில்லை" என்றார். கண்கூட கலங்கியது. "இதை மறைக்கக் கூடாது. இதுதான் உண்மையான வரலாறு. எல்லாத்தையும் மாத்திடலாம்."

மனம் லேசாகிவிட்டது. வாளிகளை உரியவர்களிடம் திருப்பிக் கொடுக்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஒச்சம்மா சின்னாத்தா வீட்டுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்துக் காலில் விழுந்துவிட வேண்டும். வரும் வழியில் கால் கிலோ மிக்சர் வாங்கி வந்தேன், என்னவோ ஆசையாக இருந்தது.

ஜூன் 28

பாவி, நான் என்ன காரியம் செய்துவிட்டேன்!

நான்கு நாள் பராமரிப்பு என்று மூடியிருந்தார்கள். இன்று காலை போனால் முன்வாசல் சுவரில் பதினான்கு வாளிகளும் வரிசையாகத் தொங்குகின்றன. பழைய ஆணித் துளைகளைக் கண்டுபிடித்து, அதே இடத்தில் புது ஆணி அடித்திருக்கிறார்கள். பெயர் தெருவைப் பார்த்து இருக்கிறது. கை படாமல் இருக்க முன்னால் கண்ணாடிக் கதவு வேறு. மேலே பலகை: 'காய் திருடிப் பிடிபட்டவர்களின் தூக்குவாளிகள்'. ஒவ்வொன்றின் கீழும் வெள்ளை அட்டையில், பெரிய எழுத்தில், கண் தெரியாதவனும் படிக்கிற மாதிரி பெயர்.

"எப்படி இருக்குக்கா? நீங்க சொன்ன மாதிரியே அப்படியே பண்ணியிருக்கோம்" என்றார் ஹரித் தம்பி. பத்திரிகைக்காரர்கள் வரப்போகிறார்களாம்.

ஐம்பத்து மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மாதம்தான் தொங்கியது. இனி வருடக் கணக்கில் தொங்கும். அன்றைக்குக் கணக்கப்பிள்ளை மாட்டினான். இன்றைக்கு மகள் மாட்டியிருக்கிறாள்.

ஜூலை 1

ஹரித் தம்பியிடம் தனியாகப் பேசினேன்.

"அம்மாவோடத மட்டும் இறக்கிருங்க தம்பி. எங்கம்மா எடுக்கல."

அவர் கோபப்படவில்லை. தன்மையாகத்தான் கேட்டார். "ஒருத்தங்களோடதை மட்டும் எடுத்தா மத்த பதிமூணு பேர் வீட்டுக்கு என்னக்கா பதில் சொல்றது? எல்லாருமே எங்கம்மா எடுக்கலைன்னுதானே சொல்வாங்க. அவங்க எடுக்கலைன்னா, அப்புறம் யார் எடுத்தது?"

வாய் வரை வந்தது. "தெரியாது தம்பி" என்றேன்.

ஜூலை 2

வந்தவர்களில் ஒருவன், என் மகன் வயது இருக்கும், அம்மாவின் வாளிக்குக் கீழே நின்று, கையை நெற்றியில் வைத்துத் திருடி மாதிரி முழித்துப் படம் எடுத்துக்கொண்டான். அவன் பெண்டாட்டி சிரித்தாள். கண்ணாடியில் கை வைக்காதே என்று கத்தினேன். அவன் கை வைக்கவே இல்லை.

ஜூலை 4

ஒச்சம்மா சின்னாத்தாவைத் தேடிப் போனேன். வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்து உருவினேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"அன்னைக்கு எழுத்து அழிஞ்சிருச்சுன்னு சொன்னேன். பொய் சின்னாத்தா. மன்னிச்சிரு."

"தெரியும்த்தா. அழிஞ்ச எழுத்தையா அம்புட்டு நேரம் பாத்த நீ?" என்றாள். பிறகு, "போர்டு வச்சுட்டாகளாம்ல. பேரன் போன்ல காட்டுனான்."

"நான் சொல்லித்தான் வச்சாக."

"வச்சா வச்சுட்டுப் போறாக. நான் எடுத்தேந்தான். மறுவருசம் பங்குனியில, கொசுவத்துல ஒரு கை. புள்ளைக்கு வாந்தி நிக்கல, ஏலக்காயத் தட்டிப் போடச் சொன்னாரு வைத்தியரு. கடையில வாங்க வக்கிருந்தா நான் எதுக்கு அந்தக் கூடத்துல போயி குந்தப்போறேன்? எம்பேரு தொங்கட்டும்." உருவிய காம்பைத் தூர எறிந்தாள். "ஆனா உங்காத்தா எடுக்கல."

நான் கீரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யாரு எடுத்தான்னு அவளுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். உனக்கும் தெரியும்."

இத்தனை வருடமாக வராத அழுகை அப்போது வந்தது. "சின்னப்புள்ளதான சின்னாத்தா நான்! பள்ளிக்கூடம் விட்டு வந்து பக்கத்துல உக்காந்திருந்தேன். கவுன்ல பை இல்லன்னு வாளியில போட்டேன். எம்மக செஞ்சதுன்னு அம்மா சொல்லியிருக்கலாம்ல? ரெண்டு அடி அடிச்சு விட்டுருப்பாகள்ல?"

"அடிச்சா?" என்றாள் அவள். "அதுக்கு முந்துன மாசம் கருப்பாயி மகன், ஆறு வயசுப் பய, நாலு காய எடுத்து வாயில போட்டுட்டான். கணக்கப்பிள்ள சாக்குத் தைக்கிற கோணூசியக் காச்சி அவன் உள்ளங்கையில வச்சான். நாப்பது பேரும் பாத்துக்கிட்டுதான இருந்தோம். முதலாளியும் அங்கிட்டு நாக்காலியில உக்காந்துதான் இருந்தாரு. உங்க வாளியக் கவுத்ததும் காய் விழுந்துச்சு. ஆத்தா ஒன்னைய ஒரு பார்வை பாத்தா. நீ கைய முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டு நின்ன. ஒடனே, நாந்தேன் எடுத்தேன்னு சொல்லிப்புட்டா. எனக்குப் பொறுக்கல, வாயத் தொறந்தேன். எங்கால மிதிச்சா பாரு, நெகம் பேந்துபோச்சு."

அந்தப் பையனுக்கு நடந்தது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அம்மாவுக்குச் சாமர்த்தியம் போதாது, வாயில்லாப் பூச்சி, ஒரு வார்த்தை சொல்லத் தெரியாமல் மலைக்குப் போய்ச் செத்தாள் என்றுதான் நான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். சில நாள் அவள் மேல் கோபம்கூடப் பட்டிருக்கிறேன். என் உள்ளங்கையை விரித்துப் பார்த்தேன். வழவழவென்று ஒரு தழும்பு இல்லாமல் இருக்கிறது.

ஜூலை 5

காய்ச்சல் என்று சொல்லி லீவு போட்டேன். பொய்.

ஜூலை 8

ஏழாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் முப்பது பேர் வந்தார்கள். முன்வாசலில் இருந்தே ஆரம்பிக்க வேண்டும். ஹரித் தம்பி உள்ளே அலுவலக அறையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுதிக் கொடுத்ததில் முதல் வரியைச் சொன்னேன். இரண்டாவது வரி வரவில்லை.

ஏழாவது வாளியைக் காட்டினேன். "இது எங்கம்மா. இவங்க திருடல. இந்தக் காயை எடுத்தது நான். ரெண்டாங்கிளாஸ் படிச்சேன்" என்றேன்.

முதலில் கொஞ்சம் பேர் சிரித்தார்கள், விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று. பிறகு நிறுத்திக்கொண்டார்கள். கோணூசியையும் சொன்னேன், மலையையும் சொன்னேன், தூளியையும் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

ஒரு பிள்ளை கேட்டாள், "உங்கம்மா உங்கள அடிச்சாங்களா மிஸ்?"

"இல்ல" என்று மட்டும் சொல்லி அவர்களை அடுத்த கட்டுக்குக் கூட்டிப்போனேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். வேறு யாரிடமும் சொன்னதில்லை.

அன்றைக்கு வாளி இல்லாமல் வீட்டுக்கு நடந்தோம். ஆற்றுப்பாலம் தாண்டியதும் அம்மா நின்றாள். "இன்னும் கையில வச்சிருக்கியா?" என்று கேட்டாள். நான் முதுகுக்குப் பின்னால் இருந்த கையை நீட்டினேன். ஒரே ஒரு காய் இருந்தது, வியர்வையில் நனைந்து. வாங்கி, நகத்தால் பிரித்து, என் வாயில் போட்டாள். "தின்னு. இதுக்குத்தான?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நான் தின்று முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டு, என் வாயை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

வாயெல்லாம் மணந்தது. ரொம்ப நன்றாக இருந்தது. அதைத்தான் என்னால் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

ஜூலை 9

வேலையை விட்டு நிறுத்திவிடுவார் என்றுதான் போனேன். ஹரித் தம்பி அம்மாவின் வாளியைச் சுவரிலிருந்து இறக்கி, துணியில் சுற்றி மேஜை மேல் வைத்திருந்தார். முகம் வீங்கியிருந்தது.

"நேத்து எல்லாத்தையும் கேட்டேன்க்கா. இது உங்களோடது. எடுத்துட்டுப் போயிடுங்க" என்றார்.

துணியோடு கையில் வாங்கினேன். கனமே இல்லை. இத்தனை நாள் இது ஒன்றுக்காகத்தான் கிடந்து அடித்துக்கொண்டேன். எடுத்துக்கொண்டு போயிருக்கலாம்.

"இத நான் எடுத்துட்டுப் போனா, வெள்ளத்தாயி வாளிய மக கெஞ்சி வாங்கிட்டுப் போயிட்டான்னுதான் ஊரு சொல்லும். தொங்கட்டும் தம்பி. அட்டைய மாத்துங்க. அந்தக் கோணூசியையும் எழுதுங்க."

"நாற்காலில உட்கார்ந்திருந்தது எங்க தாத்தாவா இருக்கும்" என்றார்.

"ஆமா தம்பி. உங்க தாத்தாதான்."

கணினியைத் திறந்தார். ஒச்சம்மா சின்னாத்தாவின் அட்டையில் அவள் சொன்னதை அவள் சொன்னபடியே அடித்தார். மற்றப் பன்னிரண்டு பேர் வீட்டையும் தேடிப் போய்க் கேட்டு எழுதலாம், அதுவரை மேலே உள்ள பலகையைக் கழற்றிவிடலாம் என்றார். அம்மாவின் அட்டைக்கு வந்ததும் விரலை நிறுத்தினார். "எடுத்தது ஒரு குழந்தைன்னு போட்டா போதாதாக்கா? உங்க பேர் எதுக்கு?"

"எங்கம்மா பேர போட்டுத்தான தம்பி உங்க வாசல்ல தொங்கவிட்டாக" என்றேன்.

நான் சொல்லச் சொல்ல அடித்தார். 'வெள்ளைத்தாய். காய் பிரித்தவர். இவர் எடுக்கவில்லை. எடுத்தவள் இவர் மகள் பவளக்கொடி, வயது ஏழு. குழந்தையின் கையில் இந்த வீட்டில் சூடு வைப்பார்கள் என்று அறிந்து, பழியைத் தாம் ஏற்றார்.' வாளியை நானே மாட்டி, அட்டையையும் நானே ஒட்டினேன்.

பதினொரு மணிக்கு முதல் கூட்டம் வந்தது, திருப்பூரிலிருந்து ஒரு குடும்பம். அந்த வீட்டுப் பெரியவர் அட்டையை வாய்விட்டுப் படித்து முடித்து, "யாரும்மா இந்தப் பவளக்கொடி?" என்று கேட்டார்.

நான்தான் என்றேன்.